ஆஸ்பத்திரி டிராஃப்ட்

எங்கள் கம்பெனியில் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மெயில். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். லிப்ட் பழுது பார்க்கிறவனுக்கு ஆளுக்கொரு மெயில் எதற்கு, யாருக்குக் காதல் கடிதம் எழுதப்போகிறோம் என்று அப்பா கேட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்பா போன பிறகும் அண்ணன் அதை மாற்றவில்லை. அண்ணன் வெளியே அலைந்து வாடிக்கையாளர்களைப் பிடிப்பான். முணுமுணு மாமா லிப்ட் குழிக்குள் இறங்குவார். நான் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுப்பேன், பில் போடுவேன், இரண்டு பேரையும் திட்டுவேன். அந்தக் கடைசி வேலைதான் எனக்கு நாள் முழுக்க இருக்கும்.

முணுமுணு மாமா எங்களுக்கு உறவு இல்லை. அப்பா காலத்து மெக்கானிக். எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார், எல்லாவற்றையும் மீசைக்குள்ளேயே சொல்லிக்கொள்வார், அதனால் அந்தப் பெயர். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, அவருக்கு இன்னும் நான் பாப்பாதான்.

ஒரே மெயில் என்பதால் எங்களுக்குள் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. குழிக்குள் இருக்கும்போது மாமாவுக்குப் போன் எடுக்காது. அதனால் அவர் போனில் ஒரு புது மெயிலைத் திறப்பார். யாருடைய லிப்ட் என்று எங்களுக்குத் தெரியவேண்டுமே, அதற்காகப் பெறுநர் இடத்தில் அந்த வாடிக்கையாளரின் முகவரியைப் போடுவார். கீழே எங்களுக்குச் சொல்லவேண்டியதை எழுதி, அனுப்பாமல் டிராஃப்ட்டில் விட்டுவிடுவார். வெளியே வந்ததும் அது எங்கள் கம்ப்யூட்டரிலும் தெரியும். அண்ணன் அதே டிராஃப்ட்டைத் திறந்து கீழே பதில் எழுதுவான். நானும் எழுதுவேன். 'இந்த வீட்டம்மா காலையிலிருந்து உயிரை எடுக்கிறாள், முதலில் இங்கே போங்கள்' என்று அந்த வீட்டம்மாவின் முகவரிக்குக் கீழேயே எழுதியிருக்கிறேன். வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம். அனுப்பு பொத்தான் பக்கம் மட்டும் யாரும் போகக்கூடாது. வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது, ஒரு தப்பும் நடக்கவில்லை.

வாடிக்கையாளர் விவரமெல்லாம் இருப்பது வேறொரு மென்பொருளில். அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. விசாரணை, வேலை நடக்கிறது, புதுப்பிப்பு என்று கட்டங்கள். ஒப்பந்தம் முடியப்போகும் வாடிக்கையாளரின் அட்டையை நான் இழுத்துப் 'புதுப்பிப்பு' கட்டத்தில் போடவேண்டும், அண்ணன் எழுதி வைத்திருக்கும் கடிதத்தை மெயிலில் அனுப்பவேண்டும். அட்டை ஒரு பக்கம், மெயில் ஒரு பக்கம், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் அனுப்பியிருப்பேன் என்று அவன் நினைப்பான், அவன் அனுப்பியிருப்பான் என்று நான் நினைப்பேன். இப்படித்தான் ஒரு பெரிய குடியிருப்பு எங்கள் கையை விட்டுப் போனது. அதன்பிறகு நானும் அண்ணனும் பல நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் அண்ணிதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூது போய் அலுத்துப்போனாள்.

அண்ணியின் தம்பி கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். வீட்டில் அவனுக்குப் பெயர் சிக்னல். தேவைப்படும்போது கிடைக்கமாட்டான், தேவையில்லாதபோது முழுசாக இருப்பான். அவன்தான் சொன்னான். "இதுக்குப் போய் ஏன்க்கா அடிச்சுக்கறீங்க? ரெண்டையும் இணைச்சு விட்டுடுங்க. கோடிங் ஒண்ணும் வேண்டாம். இது நடந்தா அதைச் செய்னு ரெண்டு பெட்டியை வைச்சு நடுவுல ஒரு கோடு போட்டா முடிஞ்சது."

எனக்கு ஒன்றைச் செய்ய வராது என்று யாராவது நினைத்துவிட்டால் போதும், அதைச் செய்து முடிக்காமல் தூக்கம் வராது. உட்கார்ந்தேன். அந்த இணைப்பு மென்பொருளின் திரையில் இடப்பக்கம் ஒரு பெட்டி: அட்டை புதுப்பிப்புக் கட்டத்துக்கு வந்தால். வலப்பக்கம் ஒரு பெட்டி: அந்த வாடிக்கையாளர் பெயரில் டிராஃப்ட்டில் இருப்பதை அனுப்பு. நடுவில் 'காத்திரு' என்று இன்னொரு பெட்டியையும் செருகி ஒரு மணி நேரம் என்று போட்டேன். அண்ணன் எழுதியதைக் கடைசி நிமிஷத்தில் மாற்றுகிற ஆள். என் சொந்த முகவரியை ஒரு பொய் வாடிக்கையாளராகப் போட்டுச் சோதித்துப் பார்த்தேன். நான் எழுதியது எனக்கே வந்து சேர்ந்தது. அந்த ஒரு மெயிலைப் பார்த்து நான் பூரித்த பூரிப்பை வெளியே சொன்னால் வெட்கம்.

டிராஃப்ட்டில் கிடந்த எங்கள் சில்லறைக் குறிப்புகளையெல்லாம் முதலிலேயே துடைத்துவிட்டேன், அந்த அளவு புத்தி எனக்கு உண்டு. ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். அது ஆஸ்பத்திரியின் பெயரில் இருந்தது, தலைப்பில் 'புதுப்பிப்பு' என்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தயார் என்று அண்ணன் முந்தின நாள்தான் சொல்லியிருந்தான். திறந்து பார்க்க எனக்கு என்ன தோன்றும்?

அந்த ஆஸ்பத்திரிதான் எங்களுக்குச் சோறு. மற்ற இடமெல்லாம் உப்புக்கும் எண்ணெய்க்கும் காணும், அவ்வளவுதான். அது போனால் கடையைச் சாத்தவேண்டியதுதான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அன்று காலை அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினான். நிர்வாகியம்மாவைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டு வருகிறேன் என்றான். அவன் படி இறங்கியதும் ஆஸ்பத்திரியின் அட்டையைப் புதுப்பிப்புக் கட்டத்துக்கு இழுத்துப் போட்டேன். 'காத்திருப்பில்: 1' என்று இணைப்புத் திரையில் விழுந்தது. நான் டீ போட எழுந்தேன்.

டீ கொதிப்பதற்குள் அண்ணன் கூப்பிட்டான்.

"வந்து உக்காந்திருக்கேன். அம்மா இன்னும் கூப்பிடல. கடிதத்தைக் கையிலேயே கொடுத்துடறேன். நீ மெயில் கியில் எதுவும் அனுப்பித் தொலைக்காதே."

"அது தானாப் போயிடும்ணா. இணைச்சு விட்டிருக்கேன்னு சொன்னேனே. டிராஃப்ட்ல இருக்கற உன் கடிதம்…"

"டிராஃப்ட்ல என் கடிதம் எங்கே இருக்கு? அதைப் பிரின்ட் எடுத்துட்டு அப்பவே அழிச்சிட்டேனே."

"அப்ப இருக்கறது என்ன?"

"இரு, கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான். அண்ணன் பேச்சை நடுவில் விடுகிற ஆளே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து டிராஃப்ட்டைத் திறந்தேன்.

மேலே மாமா எழுதியிருந்தார். 'புதுப்பிப்புக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். ஸ்ட்ரெச்சர் லிப்டில் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது. தளத்தில் நின்ற பிறகும் நாலு விரல் இறங்குகிறது. பளு ஏறினால் இன்னும் இறங்கும். ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டிருக்கிறேன், எத்தனை நாள் பிடிக்கும் என்று தெரியாது. ஒரு நாள் முழுக்க நிறுத்தினால்தான் மாற்ற முடியும்.'

அதன் கீழே அண்ணன். 'கையெழுத்து ஆகட்டும். இப்போது வாயைத் திறக்கவேண்டாம்.'

மறுபடி மாமா. 'அதுவரை ஓட்டலாமா?'

மறுபடி அண்ணன். 'ஓடட்டும்.'

அவ்வளவுதான். இதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்திருந்தது, எங்கள் கம்பெனிப் பெயரோடு, கீழே போன் நம்பரோடு, 'உங்கள் பாதுகாப்பே எங்கள் பணி' என்று அப்பா காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வரியோடு.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பயம். அந்த லிப்டைப் பற்றிய பயமா என்றால் அதுவும் இல்லை, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மெயில் போய்விடுமே என்ற பயம்தான். இணைப்புத் திரைக்குப் போய் நான் கோடு போட்டு வைத்த விதியை அணைத்தேன். அணைந்துவிட்டது என்று சாம்பல் நிறத்தில் காட்டியது. கீழே 'காத்திருப்பில்: 1' மட்டும் அசையவில்லை. திரையைப் புதுப்பித்தேன். அசையவில்லை. வெளியேறி மறுபடி நுழைந்தேன். அங்கேயே நின்றது. புதிதாக வருவதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே வரிசையில் நிற்பதை விட்டுவிடும் போலிருக்கிறது. டிராஃப்ட்டை அழிக்கலாம் என்றால், அதற்குள் அந்த மென்பொருள் ஒரு நகலை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தால்? நான் அழித்த பிறகும் அது அனுப்பிவைத்தால்?

சிக்னலைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். 'மீட்டிங்' என்று ஒற்றைச் சொல் வந்தது. 'உன் மீட்டிங்கில் இடி விழ, எடுடா' என்று எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒருவழியாக அவனே கூப்பிட்டான், கழிவறையிலிருந்து பேசுகிறான் போல, குரல் எதிரொலித்தது.

"என்னக்கா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில் போகப்போகுது. போகக்கூடாது. விதியை அணைச்சிட்டேன், ஆனா காத்திருப்புல நிக்குது."

"நிக்கும்க்கா. வரிசையில வந்தது வந்ததுதான். நீங்க டிராஃப்ட்டை அழிச்சிடுங்க, போதும்."

"அது நகல் எடுத்து வைச்சிருந்தா?"

"நகல் எல்லாம் எடுக்காது. நேரம் வந்ததும் போய்த் தேடும். இருந்தா அனுப்பும், இல்லேன்னா பேசாம இருந்துடும். ஒரு கிளிக். இதுக்கா இடி விழச் சொன்னீங்க?"

போனை வைத்தேன். ஒரு கிளிக். குப்பைத்தொட்டி படத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்போதுதான் அந்த நாலு வரியை மறுபடி படித்தேன். முதல் முறை படித்தது நான் இல்லை, என் பயம். இப்போது படித்தது நான்.

அண்ணன் கூப்பிட்டான். வராந்தாவில் நின்று பேசுகிறான் என்பது தெரிந்தது, பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

"படிச்சியா?" என்றான்.

"படிச்சேன்."

"அழிச்சிடு."

"பிரேக் தேஞ்சு போச்சுன்னு மாமா எழுதியிருக்கார்."

"தெரியும். லைனிங் வாங்கி வைச்சிருக்கேன், ஸ்டோர்ல அட்டைப்பெட்டி இருக்கு பார். கையெழுத்து ஆன கையோட ஞாயித்துக்கிழமை மாத்திடப்போறேன். என்னைப் பாத்தா உனக்குக் கொலைகாரன் மாதிரி இருக்கா?"

"அதுவரைக்கும்?"

"தாங்கும்."

"தாங்கும்னு யாரு சொன்னது? மாமா தெரியாதுன்னு எழுதியிருக்கார்."

"அந்த ஆள் எதைத்தான் தெரியும்னு சொல்லியிருக்கார்? தெருவுல மழை பெய்யுதான்னு கேட்டாலும் தெரியாதும்பார்."

"விளையாடாதேண்ணா. உள்ளே போறப்ப நீயே சொல்லிடு. பழுது இருக்கு, இன்னைக்கே சரி பண்ணித் தரோம்னு சொன்னா என்ன ஆயிடும்?"

"என்ன ஆயிடுமா?" குரலை இன்னும் தாழ்த்தினான். "போன மாசம்தான் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அப்ப எதைப் பாத்தீங்கன்னு கேப்பாங்க. வெளியே இன்னொரு கம்பெனிக்காரன் கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான், இப்பத்தான் அவனுக்கு வணக்கம் சொல்லிட்டு வரேன். இந்த இடம் போச்சுன்னா மாமாவுக்கு வேலை இல்லை, எனக்குத் தொழில் இல்லை. உனக்கு என்ன இருக்கு, அதைச் சொல்லு."

அம்புக்குறி குப்பைத்தொட்டியின் மேலேயே நின்றது.

"உன் புருஷன் உன்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போனானே, அன்னைக்கு உனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது இந்த ஆபீஸ்தான். மறந்துடாதே."

இத்தனை வருஷத்தில் அவன் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லமாட்டான் என்றுதான் நான் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவனுக்கே சொன்னதும் சுருக்கென்றிருக்க வேண்டும். உடனே குரல் இறங்கியது. "கூப்பிடறாங்க. அழிச்சிடும்மா. என் தங்கம்ல."

அழித்தேன்.

அண்ணனுக்காக அழித்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்காகவும்தான். டிராஃப்ட் பெட்டி காலியானது. குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தேன். கொஞ்ச நேரத்தில் இணைப்புத் திரையில் 'அனுப்ப எதுவும் இல்லை' என்று ஒரு வரி வந்து, காத்திருப்பு பூஜ்யம் ஆனது. அப்பாடா என்று சாய்ந்தேன். சாய்ந்தவளுக்கு மூச்சு இறங்கவில்லை. எழுந்துபோய் ஆறிப்போன டீயைக் குடித்தேன், அதுவும் இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். வேறொரு கட்டிடத்து லிப்டுக்கு ஒரு ரிலே சுவிட்ச் எடுக்க வந்திருக்கிறார். கையெல்லாம் கிரீஸ். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டோர் பக்கம் நழுவப் பார்த்தார்.

"நில்லுங்க. ஆஸ்பத்திரி லிப்ட் இன்னைக்கு ஓடுதா?"

மீசைக்குள் ஏதோ சொன்னார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க மாமா."

"ஓடுது."

"நழுவினா என்ன ஆகும்?"

அவர் என் மேஜைக்கு வந்தார். இடது கையை மேஜை விளிம்புக்குச் சமமாக வைத்தார், அதுதான் தளம். வலது கையை அதற்கு நேராகப் பிடித்தார், அதுதான் லிப்ட். "கதவு திறந்துடும். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவாங்க. முன் சக்கரம் உள்ளே போயிருக்கும், பின் சக்கரம் வெளியே இருக்கும்." வலது கை மெதுவாகக் கீழே இறங்கியது. "அப்ப இப்படிப் போகும். ஆள் நடுவுல இருப்பார்." கொஞ்சம் நிறுத்தி, "தள்ளற பையன் குனிஞ்சிருப்பான்" என்றார்.

"இதை ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே."

"யார்கிட்ட?"

"எழுதினேனே பாப்பா. டிராஃப்ட்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் தலையில் எதையாவது தூக்கிப் போட்டிருப்பேன். "அனுப்பாத மெயில்ல எழுதி வைச்சிட்டு, சொல்லிட்டோம்னு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினீங்களா?"

"உன் அண்ணன் படிச்சாரு. ஓடட்டும்னாரு. அவர்தானே முதலாளி." பிறகு கிரீஸ் கையைப் பார்த்துக்கொண்டே, "தூங்கலை" என்றார்.

மாமா எழுதிவிட்டார், அண்ணன் படித்துவிட்டான், நான் அழித்துவிட்டேன். ஆளுக்கொரு வேலை செய்துவிட்டோம். இப்போது அந்த விஷயம் எந்தப் பெட்டியிலும் இல்லை, எங்கள் மூன்று பேர் வயிற்றுக்குள் மட்டும் இருக்கிறது. லிப்ட் மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. பேசாமல் விட்டிருந்தால் அந்த மெயில் தானாகவே போயிருக்கும், என் வாயால் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

போனை எடுத்தேன்.

"யாருக்கு?" என்றார் மாமா.

"ஆஸ்பத்திரிக்கு."

"பாப்பா, யோசிச்சுக்கோ. உன் அண்ணன் அங்கேதான் இருக்காரு."

"யோசிச்சா வைச்சிடுவேன் மாமா. பேசாம இருங்க."

வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள். லிப்ட் கம்பெனியிலிருந்து, நிர்வாகியம்மாவிடம் பேசவேண்டும், அவசரம் என்றேன். அவர்கள் ஒரு சந்திப்பில் இருக்கிறார்கள் என்றாள். எனக்குத் தெரியும், எங்கள் ஆள்கூடத்தான் சந்திப்பு என்றேன். அவள் குழம்பிப்போய்க் காத்திருக்கச் சொன்னாள். காதில் ஏதோ இசை ஓடியது. வைத்துவிடு, இப்போதுகூட வைத்துவிடலாம் என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமா என் எதிரே நின்றுகொண்டு தன் கையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

இசை நின்றது. "சொல்லுங்க" என்றார் நிர்வாகியம்மா. "உங்க அண்ணன் எதிர்லயே உக்காந்திருக்கார். அவர்கிட்ட கொடுக்கட்டுமா?"

"வேண்டாம் மேடம். உங்ககிட்டதான் சொல்லணும். ஸ்ட்ரெச்சர் லிப்டை நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே. பிரேக் தேஞ்சிருக்கு. தளத்துல நின்ன பிறகும் இறங்குது."

"எப்ப தெரிஞ்சது?"

இதற்கு ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். என்னைப் பொறுத்தவரை அது பொய்கூட இல்லை. "எங்க கம்பெனிக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

அவர் போனைக் கையால் மூடாமலே யாரிடமோ பேசினார். ஸ்ட்ரெச்சர் லிப்டை உடனே நிறுத்துங்கள், யாரும் ஏறவேண்டாம், ஆள் நிறுத்துங்கள் என்று வரிசையாகச் சொன்னார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அது அண்ணனுடைய நாற்காலி என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், தெரிந்தது. "நன்றி" என்று நிர்வாகியம்மா வைத்துவிட்டார்.

அண்ணன் வரும்வரை மாமா போகவில்லை. ரிலேயைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நானும் ஒரு வேலையும் செய்யவில்லை.

அண்ணன் கத்திக்கொண்டு வருவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எங்களுக்கு அது பழக்கம். அவன் சத்தமே இல்லாமல் வந்து செருப்பைக் கழற்றினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கையெழுத்து இல்லை. இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரி பண்ணிக் கொடுத்துட்டுக் கிளம்பணுமாம். அதுக்கப்புறம் எங்க முகத்துலயே முழிக்க வேண்டாம்னுட்டாங்க." மாமாவிடம்தான் சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான். "மெயிலை அழிச்சியா?"

"அழிச்சேன்."

"ஏன் அழிச்சே?" என்றான். "அது போயிருந்தாக்கூட மெஷின் பண்ணின கோளாறுன்னு மெஷினைத் திட்டிட்டுப் போயிருப்பேன். உன்னைத் திட்டியிருக்க மாட்டேன். அவங்க பேனாவைத் திறந்து வைச்சிருந்தாங்க. போன் அடிச்சது. உங்க தங்கச்சிதான்னு சொல்லி என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன், அவங்க முகம் மாறற வரைக்கும்."

"நீ அழிக்கச் சொன்னேன்னு அழிச்சேன்ணா" என்றேன். "அழிச்சும் லிப்ட்ல ஒண்ணும் மாறலியே."

அவன் ஸ்டோருக்குள் போய் அட்டைப்பெட்டியை எடுத்துவந்தான். பிரிக்காத பெட்டி. அவன் பொய் சொல்லவில்லை, மாற்றத்தான் இருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இவன் முன்னால் அழுவேனா என்று அடக்கிக்கொண்டேன். மாமா கருவிப்பையை எடுத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் அண்ணன் சொன்னான்.

"நாளையிலேருந்து நீ வரவேண்டாம்."

"சரி" என்றேன்.

போய்விட்டார்கள். நான் அப்போதும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்க மனசு வரவில்லை. அண்ணி கூப்பிட்டாள், அவளுக்கு விஷயம் போய்விட்டது. "ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்று ஆரம்பித்தவள், "அங்கே யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?" என்று முடித்தாள். இல்லை அண்ணி என்றேன். இரண்டு பேரும் வேறு பேச்சு கிடைக்காமல் வைத்துவிட்டோம். நான் இணைப்பு மென்பொருளைத் திறந்து அந்த இரண்டு பெட்டிகளையும் நடுக்கோட்டையும் அழித்தேன். பிறகு என் பொருட்களை ஒரு பையில் போட்டேன். ஒரு சீப்பு, தலைவலி மாத்திரை, ஒரு சால்வை. அவ்வளவுதான் இருந்தது.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார். அங்கே இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் அறையிலிருந்து பேசுகிறார்.

"கழட்டிட்டோம் பாப்பா" என்றார். அன்றைக்கு அவர் முணுமுணுக்கவில்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "ஒரு பக்கம் லைனிங்கே இல்லை. இன்னொரு பக்கம் தொட்டதும் கையோட வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நின்னிருக்காது. நாளைக்கே நின்னிருக்காது."

"அண்ணன் பாத்தானா?"

"அவர் கையிலதான் வந்தது."

"என்ன சொன்னான்?"

"உனக்குக் காட்டின மாதிரியே அவருக்கும் கையை வைச்சுக் காட்டினேன். தரையில உக்காந்துட்டாரு. தண்ணி கொடுத்தேன், வாங்கலை. அந்தத் துண்டைக் கையில வைச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு."

"போனை அவன் காதுகிட்ட வைங்க மாமா."

கொஞ்ச நேரம் ஏதோ உரசும் சத்தம். பிறகு அவனுடைய மூச்சு கேட்டது. எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, திட்டுவதற்கே ஐநூறு இருந்தது.

"அண்ணா" என்றேன்.

"அந்தப் பையன் குனிஞ்சிருப்பான்ல?" என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை, என் அண்ணன் அழுவதை நான் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.